சமாதானத்துக்கு எடுத்து வைத்த டயர்கள்

எங்கள் கார் என் கார் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் வீட்டில் வாசிப்பவர் திருத்துவார். மட்டக்களப்புப் பக்கத்தில் கல்யாணம் என்றால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுக்கு, வளவு பெண்ணுக்கு, வளவில் நிற்கிற தென்னை பெண்ணுக்கு. அந்தத் தென்னைக்குக் கீழே நிறுத்தியிருந்த காரும் அதே கணக்கில் என் மனைவிக்கு வந்தது. எனக்கு வந்தது திறப்பு, கார்ச் சாவி.

ஸ்ரீ எழுத்துப் போட்ட இலக்கத் தகடு உள்ள பழைய கார். எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று காட்டுகிற பெட்டி நான் மாப்பிள்ளையாக வருவதற்கு முன்பே களைத்துப்போய் நின்றுவிட்டது. யாராவது கேட்டால் மாமி, "அது என்ர மகளை விட மூத்தது மகன், அதுக்கு மேல எனக்குத் தெரியா" என்பார். அந்தக் காரை வைத்துக் கல்லடியில் நான் ஹயருக்கு, அதாவது வாடகைக்கு, ஓடினேன். படிப்பு என்று எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. பின்சீட்டில் இருந்து ஆட்கள் சொன்னதையெல்லாம் காதில் வாங்கி வாங்கியே இவ்வளவு பேசக் கற்றுக்கொண்டேன். கல்யாண வீட்டுக்குப் போகிறவர்களை விடச் செத்த வீட்டுக்குப் போகிறவர்கள் நல்ல பகிடி விடுவார்கள் என்பது அப்படிக் கற்றதில் ஒன்று.

அவர்கள் பகிடிக்கு அதிகம் அகப்பட்டது என் டயர்கள். சண்டைக்காலத்தில் எங்கள் பக்கம் ஓடிய கார்களுக்கெல்லாம் மொட்டை டயர்தான். தேய்ந்ததற்கு மேல் புது ரப்பர் தோல் ஒட்டித் தருவார்கள், அதை டாக் அடிப்பது என்போம். அந்தத் தோலும் தேய்ந்தால் இன்னொரு தோல். பெரியகல்லாற்று மீன்காரர் ஒருவர் இறங்கும்போது என் முன் டயரைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இதில முகம் பார்த்துச் சவரம் எடுக்கலாம்." சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய், ஸ்பெயார் சில்லைக் கழற்றி உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தான். ஒன்றும் இல்லை, காற்றுக்கூடச் சரியாக இல்லை. அவன் தன் தொப்பியைக் கழற்றித் தன் தலையைக் காட்டினான், பிறகு டயரைக் காட்டினான், பிறகு என் தலையைக் காட்டினான். மூன்றும் ஒரே தொழிற்சாலை. போ என்று கையசைத்தான். அந்தச் சாவடியில் நான் சிரித்துக்கொண்டு போன ஒரே நாள் அது.

பிறகு சண்டை நிறுத்தம் வந்தது. கொழும்புப் பாதையில் லொறிகள் ஓடத் தொடங்கின. என் மனைவியின் தம்பி, எனக்கு மச்சான், லொறிக்காரன். ஒருநாள் பின்னேரம் வாசலில் லொறியை நிறுத்தி, நாலு புது டயர்களை ஒன்றன்பின் ஒன்றாக உருட்டிவிட்டான். வளவு முழுக்கப் புது ரப்பர் மணம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் மூக்கை வைத்து மணந்தார்கள். நானும் மணந்தேன், வெட்கப்பட என்ன இருக்கிறது?

"மச்சான், இதைப் போட்டா ரோடே உங்களுக்குப் பயப்பிடும்" என்றான்.

"போடப் போறதில்ல" என்றாள் என் மனைவி.

"ஏன்கா?"

"இந்தக் கிடங்கும் குழியுமான ரோட்டில போட்டா வருசத்துக்குள்ள தின்னுரும். சமாதானம் சரியா வரட்டும். ரோட்டைப் போடட்டும். மறுகா போடுவம்."

இதை நீங்கள் விசித்திரமாக நினைத்தால் நீங்கள் எங்கள் பக்கத்து ஆள் இல்லை. எங்கள் வீடுகளில் நல்ல சாமான் எதையும் யாரும் பாவித்ததில்லை. பூப்போட்ட தேநீர்க் கோப்பைகள் கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கும், நாங்கள் பிடி உடைந்த கோப்பையில் குடிப்போம். புதுப் படுக்கை விரிப்பை ஆஸ்பத்திரியில் படுக்கும்போது விரிக்கலாம் என்று மடித்து வைத்திருப்போம், நோய் வரும் என்கிற நம்பிக்கையில். நல்ல காலம் ஒன்று வந்துகொண்டிருக்கிறது, அது வந்து இறங்கும்போது வீட்டில் நல்ல சாமான் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது எண்ணம். அப்படியாக நாலு டயர்களும் பொலித்தீன் சுற்றி, சாக்கில் போட்டுக் கட்டி, கூரைக்குக் கீழே பலகைத் தட்டில் ஏறின. விருந்தாளி வந்தால் மாமி விரலால் மேலே காட்டுவார்: "மருமகனுக்குப் புது டயர் இருக்கு." மருமகன் வெளியே மொட்டை டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருப்பான்.

கடல் வந்த காலையில் நான் ஏறாவூருக்கு ஹயர் போயிருந்தேன். மனைவியும் மாமியும் பக்கத்து மாடி வீட்டில் ஏறித் தப்பினார்கள். மச்சான் நாவலடியில் கூட்டாளி வீட்டில் நின்றான். அவன் திரும்பவில்லை. அதற்கு மேல் எழுத எனக்கு மொழி போதாது, எழுதினால் இது டயரைப் பற்றிய கதையாகவும் இராது.

தண்ணீர் இறங்கிய பிறகு வீட்டில் சுவர் இருந்தது. கூரையில் பாதி இருந்தது. கட்டில், அலுமாரி, அந்தப் பூப்போட்ட கோப்பைகள் ஒன்றும் இல்லை. சில நாள் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். அவருடைய பின் வேலியில், முள்ளுக்கம்பியும் தென்னோலையும் சிக்கிக் கிடந்த குவியலுக்குள்ளே எங்கள் சாக்கு மூட்டை, கட்டு அவிழாமல்.

"கதவு போயிட்டு, கிணத்துக் கட்டு போயிட்டு" என்றார் அவர். "உங்கட டயர் மட்டும் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி வேலியில குந்திக்கிட்டு இருக்கு."

என் மனைவி சிரித்தாள். கடல் வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை, சிரிப்பு அழுகையாக மாற அதிக நேரம் எடுக்கவில்லை. மூட்டையைத் தூக்கி வந்து, மிச்சமிருந்த கூரைக்குக் கீழே தட்டில் ஏற்றினோம். அன்றிலிருந்து அவை சமாதானத்தின் டயர்கள் மட்டுமல்ல, தம்பியின் டயர்கள். அவற்றைக் காரில் போடுவோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மொட்டை டயரில் போகிறவனுக்கு அவ்வளவு நாகரிகம்கூட இல்லாவிட்டால் எப்படி?

கடல் போன பிறகு எங்கள் தெருக்களில் மிஞ்சியது ஆணி. கூரை ஆணி, தோணி ஆணி, கதவுப் பிணைச்சல் ஆணி. எங்கே திருப்பினாலும் புஸ். அப்போது உதவிக்கென்று வந்த வெள்ளை வாகனங்களின் ஒரு சில்லு எங்கள் காரின் பாதி உயரம் இருக்கும். அவை ஆணிகளைப் பிஸ்கட் மாதிரி நொறுக்கிக்கொண்டு போகும். ஆனால் அவற்றில் வந்தவர்களுக்கு எங்கள் சந்து ஒழுங்கைகள் தெரியாது, ஆகவே மொட்டை டயர் முன்னே போக வெள்ளை யானை பின்னே வரும். முகாமில் சனத்துக்குக் கம்பளிக் கோட்டுக் கொடுத்ததையும் அப்படி வழிகாட்டிப் போய்த்தான் பார்த்தேன். வெயிலில் நின்று ஒரு கிழவர் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, "நல்ல மனசு, ஆனா ஊர் மாறி இறங்கிட்டாங்க போல" என்றார்.

திரும்பச் சண்டை வந்தது, எங்கள் பக்கத்தில் அடங்கியது, பிறகு வடக்கிலும் முடிந்தது. சமாதானம் வந்ததும் என் வருமானம் இறங்கியது, இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. வெள்ளை வாகனங்கள் மூட்டை கட்டின. பஸ்கள் நேரத்துக்கு ஓடின. நிலையாகக் கையில் இருந்த ஹயர் ஒன்றே ஒன்று: மாங்கேணிக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் மூன்று பேர். முன்சீட்டில் மெதடிஸ்த கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிற டீச்சர். அவருடைய குரல் எங்கள் எஞ்சினை விட நல்ல நிலையில் இருந்தது. பின்சீட்டில் பேசாத இளம் டீச்சர் ஒருவரும், பேசுவதை நிறுத்தாத கணக்கு வாத்தியாரும், அவரைச் சேர் என்போம். மணி அடிப்பதற்குள் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். பிந்தினால் அதிபர் இடாப்பில் சிவப்புக் கோடு இழுத்துவிடுவார், கோட்டுக்குக் கீழே வைக்கிற கையெழுத்துக்கு மரியாதை இல்லை.

அந்தப் பள்ளித் தவணை முழுக்க நாங்கள் கோட்டுக்குக் கீழேதான். ஓட்டமாவடியில் ஒரு நாள் காற்றுப் போனது, காயாங்கேணியில் ஒரு நாள். கடைசியாக ஆளே இல்லாத பற்றைக் காட்டு வெளியில், ஸ்பெயார் சில்லும் வெடித்த நாளில், டீச்சர் இறங்கி நின்று சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"அண்ணன், நான் கிறிஸ்தவப் பிள்ளை, பொறுமையாச் சொல்றன். விடுமுறை முடிஞ்சு பள்ளிக்கூடம் திறக்கிற அண்டைக்கு இந்த டயரோட வந்தீங்கண்டா நாங்க வேனில போறம்."

"நல்ல வேன் ஒண்டு இருக்கு" என்றார் சேர், பின்னால் இருந்தபடியே. "சீற்றெல்லாம் சாயும்."

இந்த ஹயர் போனால் கார் தென்னைக்குக் கீழே திரும்பப் போய் நிற்கும், காரை நம்பிய அடுப்பும் அதோடு நிற்கும். வீட்டில் சொன்னேன். மாமி மகளைப் பார்த்துக் கேட்டார்: "சண்டையும் முடிஞ்சிட்டு. இன்னும் எந்த நல்ல காலத்துக்கு வெச்சிருக்கிறா?" மறுநாள் விடிய மனைவியே தட்டில் ஏறி மூட்டையை இறக்கினாள். மாமி கர்ப்பூரம் கொளுத்தினார். நாலு டயர்களுக்கும் திருநீறு பூசினார். காருக்குப் பூசவில்லை, அது பழசாம்.

ஏறாவூரில் ஒரு டயர் கடைக்குப் போனோம். முதலாளியை எல்லோரும் காக்கா, அதாவது அண்ணன், என்பார்கள், நானும் அப்படித்தான். தடித்த குரல், தடித்த மோதிரம், தன் கடையைத் தவிர உலகத்தில் டயரே இல்லை என்கிற நடை. என் மனைவி மூட்டையின் கட்டைத் தானே அவிழ்த்தாள். கறுப்பாக, புது ரப்பர் மயிரோடு, ஒரு நாளும் தெருவைக் காணாத டயர்கள்.

காக்கா குனிந்து பார்த்தார். பெருவிரல் நகத்தை ரப்பரில் அழுத்தினார். ஒரு டயரை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்து இரு பக்கமும் விரித்தார். கோடுகளுக்கு நடுவே வெடிப்பு, அறுவடை முடிந்து காய்ந்த வட்டையில் வயல்மண் வெடித்துக் கிடக்குமே, அதுபோல.

"புள்ள, இது மௌத்தாகிட்டு" என்றார், செத்துப்போய்விட்டது என்று.

"ஒரு நாளும் ஓடல்ல காக்கா!" என்றாள் என் மனைவி.

"ஓடாமலே மௌத்து. மனிசனுக்கு நடக்கிறதில்லையா?"

"சும்மா இருங்க. திருநீறு பூசியிருக்கு."

"அதான் மணக்குது. பூசினவங்களுக்கும் விசயம் தெரிஞ்சிருக்கு போல."

அவர் டயரின் பக்கத்தில் ஒரு சின்ன முட்டை வட்டத்துக்குள் இருந்த நாலு இலக்கத்தைக் காட்டினார். முதல் இரண்டும் எந்தக் கிழமை செய்தது, பின் இரண்டும் எந்த வருடம் என்று சொல்லும். ரப்பரும் பாண் ரொட்டி மாதிரி, அலுமாரிக்குள் வைத்தாலும் வயது ஏறும். கூரைச் சூடு, உப்புக் காற்று, கடல் தண்ணீர் எல்லாம் சேர்ந்து உள்ளே காய வைத்துவிட்டன. வெயில் நேரத்தில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு மாங்கேணிக்கு ஓடினால் பற்றைக்குள் படுக்க வைக்கும். இவ்வளவையும் அவர் கடை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார். தேநீர்க் கடையில் நின்றவர்கள் கோப்பையோடு வந்து சேர்ந்தார்கள். எங்கள் ஊர்களில் டயர் மாற்றுவது தனிப்பட்ட விசயம் அல்ல.

"எனக்கிட்ட யப்பான் டயர் கிடக்கு" என்றார் காக்கா. "பாவிச்சதுதான், ஆனா பல்லுப் பாருங்க, குமரிட பல்லு. விலையும் பாதி."

உண்மையிலேயே நல்ல ஆழமான பல். நான் மயங்கிவிட்டேன். என் மனைவி குனிந்து, முட்டை வட்டத்தைத் தேடிப் பிடித்து, எச்சில் விரலால் துடைத்து வாசித்தாள்.

"காக்கா, இது எங்கட டயருக்கு மூத்தப்பன்."

தேநீர்க் கோப்பைக்காரர் ஒருவர் சிரித்ததில் தேநீர் அவருடைய சாரத்தில் கொட்டியது. காக்காவும் சிரித்தார், அவரால் வேறென்ன செய்ய முடியும்? "பாடம் சொல்லிக் குடுத்தது என்ர பிழை" என்றார். அதன்பிறகு அவர் எங்களை வாடிக்கைக்காரராக நடத்தினார். அதற்கு முன்பு ஏதோ வந்து விழுந்த மீனாக.

அவள் பிறகு கேட்ட கேள்விகளை நான் இத்தனை வருடம் ஓட்டியும் கேட்டதில்லை. ரப்பர் இறுக்கமானதா, மெதுவானதா? இறுக்கம் என்றால் கன காலம் ஓடும், மழையில் கொஞ்சம் வழுக்கும். மெதுவென்றால் பிடிக்கும், சீக்கிரம் தேயும். "எங்கட கார் பறக்கிற காரில்ல, கன நாள் ஓடுறது வேணும்" என்றாள். பக்கச் சுவர் தடிப்பா? மாங்கேணிப் பக்கம் கல் ரோடு, சிப்பி ரோடு. அகலமானதை ஒரு கோப்பைக்காரர் சிபாரிசு செய்தார், பார்க்க எடுப்பாக இருக்குமாம். "எடுப்பு அவருக்கு வேண்டாம்" என்றாள், என்னைக் காட்டி. டாக் அடித்ததைப் பின்னுக்குப் போடலாம் என்று இன்னொருவர் சொன்னார். தோல் கழன்றால் நடு ரோட்டில் பாம்பு மாதிரிக் கிடக்கும் என்று மற்றவர் மறுத்தார். இருவரும் தங்களுக்குள் சண்டையைத் தொடங்கிவிட்டார்கள், எங்கள் கார் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. கடைசியில் உள்நாட்டில் செய்த, தடித்த சுவர் உள்ள, அந்த வருடத்து இலக்கம் போட்ட டயரில் அவள் கை நின்றது. விலை முதலில் கசந்தது. ஆனால் எத்தனை தவணைக்கு ஓடும் என்று பார்த்தால் யப்பான் குமரியை விட இதுதான் மலிவு.

நாலு வாங்கக் கை எட்டவில்லை, இரண்டுதான். நான் புதுசை முன்னுக்குப் போடு என்றேன். காக்கா பின்னுக்கு என்றார்: முன்னுக்கு வழுக்கினால் ஸ்டியரிங்கில் கை இருக்கிறது, பின்னுக்கு வழுக்கினால் அல்லாதான் இருக்கிறான். கேட்டுக்கொண்டு பின்னுக்கே போட்டோம். பழைய மொட்டையில் நல்ல இரண்டும் முன்னுக்குப் போயின.

தம்பியின் நாலு டயர்களும் தரையில் கிடந்தன. காக்கா காலால் ஒன்றைத் தள்ளி, "இதை விட்டிட்டுப் போங்க புள்ள, விலையில குறைச்சுத் தாறன்" என்றார்.

"எதுக்கு?"

"வண்டிலுக்குக் கேப்பாங்க. டிராக்டர் பெட்டிக்குக் கேப்பாங்க."

"காருக்குக் கேட்டா?"

காக்கா கூரையைப் பார்த்தார்.

"வெட்டுங்க" என்றாள் என் மனைவி.

"என்ன புள்ள?"

"எனக்கு முன்னால நாலையும் வெட்டுங்க. ஆரும் இதைப் போட்டு ஓட்டி எங்கயும் விழ வேண்டாம். என்ர தம்பி குடுத்தது ஓடுறதுக்கு, ஆள் சாகிறதுக்கு இல்ல."

"ஏறாவூர்ல என்னை இப்பிடி ஆரும் நம்பாம விட்டதில்ல" என்றார் காக்கா.

"நம்பிறன் காக்கா. கத்தியையும் எடுங்க."

எடுத்தார். டயரின் சுவரை வெட்டுவது லேசான வேலை அல்ல. சவர்க்காரத் தண்ணீர் தடவித் தடவி, மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, வியர்க்க வியர்க்க நாலையும் அவரே வெட்டினார். அவள் கடைசி வெட்டு விழும்வரை கண்ணெடுக்காமல் நின்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், முன்சீட்டில் ஏறினாள், "எடுங்க, போவம்" என்றாள். விலையில் குறைத்துத் தருகிறேன் என்ற பேச்சைக் காக்கா மறந்துவிடவில்லை. குறைத்தே தந்தார். வெட்டினதற்குக் கூலி கேட்கவில்லை என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

பள்ளிக்கூடம் திறக்கிற காலையில் டீச்சர் ஏறுவதற்கு முன் காரைச் சுற்றி வந்தார். பின்னால் குனிந்து பார்த்து, "ஆ" என்றார். முன்னால் குனிந்து பார்த்து, "ம்" என்றார். பின் டயரின் "ஆ" முன் டயரின் "ம்"ஐ வென்றது. ஏறினார். அன்று மணி அடிப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். மறுநாளும் அப்படியே. அதிபர் எங்களைக் கண்டு கடிகாரத்தைக் குலுக்கிப் பார்த்ததாக இளம் டீச்சர் சொன்னார். அவர் என்னிடம் பேசிய முதல் வசனம் அது.

அந்தத் தவணை ஓடியது, அடுத்ததும் ஓடியது. ஒருநாள் திரும்பி வரும்போது மற்ற இருவரும் இறங்கிய பிறகு, கணக்குச் சேர் முன்சீட்டுக்கு மாறி, குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணன், ஒண்டு சொல்லவா? முந்தியெண்டா நான் பிந்தி எழும்பினாலும் டயரில பழி போடுவன். இப்ப கோட்டுக்குக் கீழ போனா நான்தான் எண்டு ஊருக்கே தெரியும். இடைக்கிடை ஒரு பஞ்சர் வந்தா என்ன?"

"சேர், அந்த டயரைத் தெரிஞ்செடுத்தது என்ர மனிசி. போய் அவட்டக் கேளுங்க."

அவர் கேட்கவில்லை. ஆனால் திருந்தவுமில்லை. அடுத்த கிழமை அவர் வீட்டு வாசலில் நாங்கள் ஹோன் அடித்து அடித்து நின்றோம். சேர் வாயில் பல் துலக்கும் நுரையோடு எட்டிப் பார்த்தார். பின்னுக்கு இருந்த புது டயர்கள் இரண்டும் ஓடத் தயாராக, ஓட முடியாமல் நின்றன. டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் வேனைப் பற்றிய பேச்சு வரப்போகிறது என்று ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன்.

"அண்ணன், கார் நல்லம். டயரும் நல்லம்" என்றார் அவர், பாட்டுக் குழுக் குரலில், உள்ளே நுரைக்கும் கேட்கட்டும் என்று. "வாற மாசம் தொடக்கம் நாங்க காரை மாத்தல்ல. சேரைத்தான் மாத்தப் போறம்."

சேர் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்து ஏறினார்.